டிக்கெட் கொடுத்த அம்மா குன்றேறி வந்தார்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஜூலை மாதம். சிசிலித் தீவின் வடக்குக் கரையில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி செஃபலு என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. அங்கே நடந்தது இது. ஊர்ப் பெயரை நீங்கள் கேள்விப்படாமல் இருந்தால் தப்பில்லை. அந்தப் பயணத்துக்குத் திட்டம் போடும்வரை நானும் கேள்விப்பட்டதில்லை.

நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். எனக்குச் சொந்த ஊர் கரூர். மனைவிக்குத் தாராபுரம் பக்கம். நான் தினமும் ரயிலேறி மன்ஹாட்டன் போய்வரும் ஐ.டி. ஆசாமி. மனைவி ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்பக்க டெஸ்க்கைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரே மகள், அப்போது பதினைந்து வயது. பதினான்கு வருடம் விசாவை நீட்டித்து நீட்டித்தே ஓடிய வாழ்க்கை எங்களுடையது. ஊருக்குப் போனால் திரும்பி வர பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் கிடைக்குமா என்ற பயத்திலேயே பல வருடங்கள் எங்கும் போகாமல் இருந்துவிட்டோம். ஒருவழியாக கிரீன் கார்டு வந்தது. அன்றைக்கு மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்காச்சும் நல்ல கடல் இருக்கற ஊரா, போய் சும்மா உக்காந்துட்டு வரலாமுங்க."

'சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம்' என்பதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் தெரியுமா? எட்டு நாள், ஐந்து ஊர், ஒரு எக்ஸெல் ஷீட். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரிசை. பார்க்க வேண்டியவை பச்சை நிறம், சாப்பாடு மஞ்சள், பயணம் நீலம். 'ஓய்வு' என்று ஒரு நிறமே அதில் இல்லை என்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். "அப்பா, வேர் இஸ் த ஸிட்டிங்?" என்று கேட்டாள். பெரிய ஜோக் என்று நானும் சிரித்தேன்.

செஃபலுவுக்குப் போனது நான்காவது நாள். சிசிலியின் தலைநகர் பலேர்மோவிலிருந்து காலை ரயில். இடது பக்க ஜன்னல் முழுக்கக் கடல். ஊர் சின்னது. கல் பாவிய குறுகலான சந்துகள், பால்கனிக்குப் பால்கனி காயும் துணிகள், நடுவில் எண்ணூறு தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய பெரிய தேவாலயம். இத்தனைக்கும் பின்னால் ஊரையே மடியில் வைத்துக்கொண்டிருப்பது போல ஒரு மொட்டைப் பாறைக் குன்று. குன்றின் மேலே பழைய கோட்டைச் சுவர்கள், பாதி வழியில் இடிந்த ஒரு கோயில். உச்சியிலிருந்து ஊரையும் கடலையும் சேர்த்து எடுத்த படம் ஒன்றை நான் இணையத்தில் பார்த்திருந்தேன். அந்தப் படத்துக்காகத்தான் அந்த ஊரே என் ஷீட்டில் ஏறியது.

காலையில் தேவாலயத்தைப் பார்த்தோம். அடுத்து ஒரு பழைய சலவைத்துறை. தெருவிலிருந்து படி இறங்கிக் கீழே போனால், கல் தொட்டிகளில் ஆற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்கள் துணி துவைத்த இடம். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே கிணற்றுக்குள் இறங்கியதுபோலக் குளிர்ச்சி. மனைவி கல்லில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "தலை ஒரு மாதிரியா இருக்குதுங்க. கொஞ்ச நேரம் இங்கயே இருக்கலாமா?" என்றாள்.

நான் மணியைப் பார்த்தேன். "காலைல காபி சரியாக் குடிக்கலை, அதான். பத்து நிமிஷம் உக்காரு. பதினொன்றரைக்குக் குன்று ஏற ஆரம்பிக்கணும்" என்றேன்.

சரியாகப் பத்தாவது நிமிடம் எழுந்துகொண்டாள். நான் எழுப்பவில்லை, அவளேதான் எழுந்தாள். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

குன்று ஏறும் பாதையின் தொடக்கத்தில் ஒரு சிறிய டிக்கெட் கூண்டு. உள்ளே அறுபதை நெருங்கும் ஓர் அம்மா. குட்டையான, பருத்த உடம்பு. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வலது முழங்காலில், பாவாடைக்குக் கீழே, மூட்டு வலிக்குப் போடும் பட்டை தெரிந்தது. மூன்று டிக்கெட் என்று விரலைக் காட்டினேன். அவர் உடனே கொடுக்கவில்லை. கூண்டைவிட்டு நொண்டியபடி வெளியே வந்தார். எங்கள் தண்ணீர் பாட்டில்களை எண்ணினார். இரண்டே இரண்டு. வானத்தைக் காட்டினார், நெற்றியைத் துடைப்பதுபோலச் செய்தார், இத்தாலிய மொழியில் வேகமாக என்னவோ சொன்னார். எனக்குப் புரிந்தது இரண்டே வார்த்தைகள்தான், "நோ, நோ." பிறகு மஞ்சள் சுடிதார் போட்டிருந்த மனைவியைச் சுட்டிக்காட்டி மறுபடியும் ஒரு "நோ." உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து கூண்டின் நிழலில் போட்டார்.

எனக்கு எரிச்சல் வந்தது. அப்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குக் கூண்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும்போலிருக்கிறது, அதற்கு நம்மைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கைபேசியில் பார்வையாளர் நேரம் போட்டிருந்த பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். 'இதோ பார், திறந்திருக்கும் என்று போட்டிருக்கிறது' என்கிற மாதிரி. அவர் அதைப் பார்க்கவே இல்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நாங்கள் திரும்பி நடக்கும்போது, சொந்தமாக வைத்திருந்த ஒரு தண்ணீர் பாட்டிலை மகளின் கையில் திணித்தார்.

"ஷீ இஸ் நைஸ்" என்றாள் மகள். "ரொம்பப் பேசறாங்க" என்றேன் நான்.

ஏறத் தொடங்கியபோது பைன் மரங்களின் நிழல் இருந்தது. கொஞ்ச தூரத்தில் அதுவும் போய்விட்டது. பிறகு வெள்ளைக் கல் படிகள், அவற்றிலிருந்து எதிரடிக்கும் வெளிச்சம். மனைவி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். கடலைப் பார்ப்பதற்காக நிற்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். மகள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, "அம்மா, யூ ஓகே?" என்றாள். "ஓகேதான் கண்ணு, போ" என்றாள் அவள். இடிந்த கோயிலுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று பாட்டிலில் இரண்டு காலி.

கோயில் என்றால் கோபுரம், மண்டபம் எதுவும் இல்லை. பெரிய பெரிய கற்களை அடுக்கிய நான்கு சுவர்கள், மேலே வானம். ஒரு சுவரோரம் கொஞ்சம் நிழல். மனைவி அதில் போய் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னும் இருபது நிமிஷம்தான். உச்சி வந்துரும்" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கறனுங்க."

மகள், தான் அம்மாவோடு இருப்பதாகச் சொன்னாள். நான் விடவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, வாழ்க்கையில் மறுபடி எப்போது வரப்போகிறோம் என்று பேசி அவளை இழுத்துக்கொண்டு போனேன். மிச்சமிருந்த முக்கால் பாட்டில் தண்ணீரை மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை மகளின் பையிலேயே திரும்ப வைத்தாள். "புள்ளைக்கு வேணும், மேல வெயிலுங்க" என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். வற்புறுத்திக் கொடுத்திருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அந்த நேரத்தில் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

உச்சியிலிருந்து தெரிந்த காட்சி அந்தப் படத்தில் பார்த்ததைவிட அழகுதான். பொய் சொல்ல விரும்பவில்லை. தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள், சிவப்பு ஓட்டுக் கூரைகள், பிறை மாதிரி வளைந்த கடற்கரை, அதற்கப்பால் கண்ணுக்கு எட்டும்வரை நீலம். நாற்பது படமாவது எடுத்திருப்பேன். மகள் ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை. "கேன் வீ கோ நவ்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். இருபது நிமிடம் என்று சொன்னது, போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கோயிலுக்கு வந்தால், சுவரோரத்தில் மனைவி இல்லை.

அந்த நிழலும் இல்லை. சூரியன் நகர்ந்ததில் அந்த இடம் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கைப்பை மட்டும் கல்லின் மேல் இருந்தது. கைபேசியில் கூப்பிட்டேன். கைப்பைக்குள்ளிருந்தே மணி அடித்தது. மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

கீழே இறங்கிப் போயிருப்பாள் என்றேன். பையை விட்டுவிட்டா போவாள் என்று எனக்கே தெரிந்தது. சுவரைச் சுற்றி ஓடினேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை புதருக்குள் போய், பழைய கோட்டை மதிலில் முடிகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் நேராகப் பள்ளம். கீழே வீட்டுக் கூரைகள். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். இருபது வருடத்தில் அவளைப் பெயர் சொல்லி நான் கத்திக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

பதில் வரவில்லை. ஆனால் மதிலுக்குக் கொஞ்சம் முன்னால், புதருக்குள்ளிருந்து ஒரு பேச்சுக் குரல் கேட்டது. நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு பெண் குரல், இத்தாலிய மொழியில்.

மகள் என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

டிக்கெட் கொடுத்த அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். பட்டை போட்ட காலை மடக்க முடியாமல் நீட்டியிருந்தார். அவர் மடியில் என் மனைவியின் தலை. பக்கத்தில் விரித்து வைத்த ஒரு கறுப்புக் குடை, இரண்டு தண்ணீர் பாட்டில்கள். ஈரத் துண்டால் அவள் கழுத்தையும் அக்குளையும் மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். மனைவியின் முகம் செக்கச் சிவந்து கிடந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது.

மகள் மண்டியிட்டு அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கண்ணத் தொறங்கம்மா. நாந்தான் வந்திருக்கறேன். அம்மா, இங்க பாருங்க" என்றாள். நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை அவள். அவளிடம் அவ்வளவு தமிழ் இருந்தது எனக்குத் தெரியாது. அதுவும் அவள் அம்மாவின் ஊர்த் தமிழ்.

அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் திட்டவில்லை. குடையை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் பிடித்த விதம் சரியில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, நிழல் சரியாக மனைவியின் முகத்தில் விழும்படி வைத்தார். அவ்வளவுதான். பிறகு மறுபடி துண்டை நனைக்கத் தொடங்கினார்.

ஆம்புலன்ஸுக்கு அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு ஏறி வர அரை மணி நேரத்துக்கு மேலானது. அவ்வளவு நேரமும் நான் அந்தக் குடையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

நல்ல வேளையாக ஊரிலேயே ஒரு மருத்துவமனை இருந்தது. உள்ளே கொண்டு போனதும் இளம் டாக்டர் ஒருவர் வந்து தெளிவான ஆங்கிலத்தில் கேட்டார், நோயாளி என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று. "ஒன்றும் இல்லை, ஆரோக்கியமானவள்தான்" என்று சொல்லிவிட்டேன்.

"நோ, அப்பா" என்றாள் மகள் பக்கத்திலிருந்து. பிறகு டாக்டரைப் பார்த்து ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னாள். எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எல்லாம் சொன்னாள். இரத்த அழுத்தத்துக்கு மூன்று வாரமாகச் சாப்பிடுகிறாளாம். உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும் வகை மாத்திரை. வெயிலில் அதிகம் போகக் கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எடிசனில் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு ஏன் யாரும் சொல்லலை?" என்று கேட்டேன்.

"அம்மா டோல்ட் யூ. இன் த கார். ஐ வாஸ் இன் த பேக் ஸீட்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "யூ ஸெட், ம்."

நினைவு வந்தது. சரியாக இல்லை, மங்கலாக. ஒரு சனிக்கிழமை, மளிகை வாங்கிக்கொண்டு, இந்தியக் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். காதில் இயர்போன், ஆபீஸ் கால். அவள் என்னவோ சொன்னாள். நான் 'ம்' என்றேன். இருபது வருடத்தில் எத்தனை 'ம்' சொல்லியிருப்பேன்!

இரத்தத்தில் உப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கிறது, உடம்புச் சூடு மிக அதிகம் என்றார் டாக்டர். தலை குழம்பிப்போய், தான் எங்கே போகிறோம் என்று தெரியாமலேயே எழுந்து நடந்திருக்கிறாள். "யாரோ சீக்கிரமே குளிர்விக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அதுதான் காப்பாற்றியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால்..." என்று ஆரம்பித்தவர், மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை மனைவிக்கு நன்றாக நினைவு திரும்பியது. கையில் சலைன் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. அவள் கேட்ட கடல் அதுதான், உட்கார்ந்து பார்க்கிற கடல். பயணம் முழுவதிலும் அவள் நிதானமாகக் கடலைப் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்துதான் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சுக்கோ என்று ஆரம்பித்தேன்.

அவள் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு சொன்னாள். "உங்க ரெண்டு பேரு சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சுங்க. அதான் எந்திரிச்சு நடந்தேன். அப்புறம் கீழ விழுந்தது தெரியும். அந்தம்மா வந்து என்னமோ பேசிட்டே இருந்தாங்க. ஒரு வார்த்தை புரியலை. ஆனா நிறுத்திறக் கூடாதேன்னு இருந்துச்சு. அவங்க பேசற வரைக்கும் நான் இருக்கறேன்னு தோணுச்சு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க மேல மட்டும் தப்பில்லைங்க" என்றாள். "முடியலைன்னு நானும் சொல்லியிருக்கணும். சொல்லிப் பழக்கமில்லாமப் போச்சு."

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். ஆனால் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பழக்கமில்லாமல் போச்சு என்றால், யார் அப்படிப் பழக்கியது?

மூன்றாம் நாள் மதியம் டிஸ்சார்ஜ் செய்தார்கள். மிச்ச ஊர்களையெல்லாம் ரத்து செய்துவிட்டு, அங்கேயே கடலோரமாக ஒரு அறை எடுத்துத் தங்கினோம். மனைவி கேட்ட முதல் காரியம், அந்த அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது. வெயில் தாழ்ந்ததும் ஒரு டாக்ஸி பிடித்து, கூண்டுக்கு மிக அருகில் இறங்கிக்கொண்டோம். என்ன கொண்டு போவது என்று தெரியவில்லை. பெட்டியில் எடிசனிலிருந்து எடுத்து வந்த முறுக்குப் பாக்கெட் ஒன்று பிரிக்காமல் இருந்தது. அதையும், மனைவி ஒருநாள்கூடப் போடாத புதுப் பருத்தித் துப்பட்டா ஒன்றையும் எடுத்துக்கொண்டோம்.

தூரத்திலிருந்தே அந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டார். கூண்டிலிருந்து வெளியே வந்து, இரண்டு கைகளாலும் மனைவியின் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறம் சரியாகிவிட்டதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பரிசோதிப்பதுபோல. திருப்தியானதும்தான் கட்டிப்பிடித்துக்கொண்டார். நாங்கள் கொடுத்த முறுக்கை உடனே பிரித்து ஒரு கடி கடித்தார். கடினமாக இருந்ததால் கண்ணை அகல விரித்து, பல்லைத் தொட்டுக் காட்டினார். மனைவி சிரித்தாள். அந்த ஊருக்கு வந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

மகள் தன் கைபேசியில் மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து, எனக்கும் மனைவிக்கும் கேட்கட்டும் என்று தமிழில் வைத்தாள். நான் நன்றி சொன்னேன். கைபேசி அதை இத்தாலிய மொழியில் சொன்னது. பிறகு நான் கேட்டேன், "அன்னைக்கு ஏன் மேலே ஏறி வந்தீங்க? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அந்த அம்மா கைபேசியை வாயருகே வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். கொஞ்சம் இடைவெளி விட்டு, கைபேசி ஒரு பெண் குரலில், பாடப் புத்தகத்தைப் படிப்பதுபோலச் சொன்னது:

"நான் நாற்காலி போட்டேன். அவள் நாற்காலியைப் பார்த்தாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். பிறகு உன்னைப் பார்த்தாள். நீ தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் திரும்பி நடந்தாள்."

அந்த அம்மா மறுபடி பேசினார். கைபேசி சொன்னது:

"கீழே இறங்கிய எல்லோரிடமும் மஞ்சள் துணி அணிந்த பெண் எங்கே என்று கேட்டேன். தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு தம்பதி சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பூட்டிவிட்டு வந்தேன்."

என்னை 'நீ' என்று சொன்னது அந்த இயந்திரத்தின் தமிழ். அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசியிருப்பார். ஆனாலும் அந்த 'நீ' எனக்குச் சரியாகவே பட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததுதான் என்று அதிலேயே தெரிந்தது. இரண்டே நிமிடம் பார்த்த ஒருவருக்கு, மொழி தெரியாத ஒருவருக்குத் தெரிந்த விஷயம், இருபது வருடமாக அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் எனக்குத் தெரியவில்லை. வேலையில் கவனமாக இருப்பவர் அவர். அவரைப் போய் வேலையிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைத்திருக்கிறேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று மனைவி சைகையில் கேட்டாள். அன்றைக்கு ஏறியதில் வீங்கிவிட்டதாம். கையை வீசி, அது கிடக்கிறது என்பதுபோலக் காட்டினார். கிளம்பும்போது துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, மனைவியையும் மகளையும் தனித்தனியே அணைத்துக்கொண்டார். எனக்குக் கை கொடுப்பார் என்று நினைத்தேன். கையைப் பிடித்தவர் விடவில்லை. அதை மனைவியின் கையோடு சேர்த்து வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினார்.

மிச்சமிருந்த நாட்களில் நாங்கள் எதையும் போய்ப் பார்க்கவில்லை. மாலையில் கடலோரத்தில் உட்கார்ந்திருந்தோம். மனைவி பேசினாள். கிளினிக்கில் நடப்பது, அவளுடைய தங்கை வீட்டுப் பிரச்சினை, கார் ஓட்டும்போது சில நாட்கள் வரும் படபடப்பு. எல்லாமே எனக்குப் புதுச் செய்தி. பாதியை முன்பே சொல்லியிருக்கிறாள் என்று மகளின் முகத்திலிருந்து தெரிந்துகொண்டேன். அதற்காக நான் ஒரே நாளில் திருந்திவிட்டேன் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். இப்போதும் சில சமயம் 'ம்' என்று வந்துவிடுகிறது. அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். நான் இயர்போனைக் கழற்றி, "திருப்பிச் சொல்லு" என்பேன். முதலிலிருந்து சொல்வாள்.

போன அக்டோபரில் நண்பர்கள் இரண்டு குடும்பத்தோடு, இலை நிறம் மாறுவதைப் பார்க்க பென்சில்வேனியா பக்கம் காரில் போயிருந்தோம். மேலே ஏறினால் அருமையான காட்சி என்றார் ஒரு நண்பர். எல்லோரும் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவி காரிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்துப் புல்லில் விரித்தாள். "நான் வரலைங்க. எனக்கு இங்கயே நல்லாயிருக்குது" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நண்பர் வற்புறுத்தினார். "அதான் வரலைன்னு சொல்றனுங்களே" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். நானும் ஏறவில்லை, அவள் பக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் எனக்கு எத்தனையோ விஷயங்களுக்குச் சரி சொல்லியிருக்கிறாள். அதில் ஒன்றுகூட, அன்றைக்கு அவள் சொன்ன அந்த 'வரலைங்க' அளவுக்கு எனக்கு நிம்மதியைக் கொடுத்ததில்லை.